வானம் சொல்லும் சதவீதமும் பாத்தியின் கணக்கும்

அந்தப் பருவத்தில் மழை குறைவாக இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்திருந்தது. நம்பினேன். பாத்திகளைத் தரைமட்டத்துக்கு ஒரு சாண் கீழே இறக்கி, ஒரு சொட்டுக்கூட வெளியே ஓடாதபடி வரப்புக் கட்டி, மிளகாய் நாற்றுகளை நட்டேன். ஒன்பதாம் நாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. பாத்தி குளமானது. வெயில் வந்த பிறகு பார்த்தால், நாற்றுகள் தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் வாடியவைபோலத் தலை தொங்கிக் கிடந்தன. ஒன்றைப் பிடுங்கினேன். வேரின் மேல்தோல் பழுப்பேறி, விரலால் இழுத்ததும் உறைபோலக் கழன்று வந்தது. உள்ளே வெள்ளை நூல் மட்டும் மிச்சம்.

அன்று முன்னறிவிப்பைத் திட்டித் தீர்த்தேன். சில நாள் கழித்து அதே அறிக்கையை எடுத்து நிதானமாக வாசித்தேன். மழை இயல்புக்குக் குறைவாக இருக்க 50 சதவீதம், இயல்பை ஒட்டி இருக்க 30, கூடுதலாக இருக்க 20 என்று இருந்தது. ஐந்தில் ஒரு வாய்ப்பை எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். நான்தான் முதல் எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் இந்தத் தவறு பாதி குறையும். வானிலையாளர்கள் ‘இயல்பு’ என்பதற்கு முப்பது ஆண்டுக் கணக்கை வைத்துக்கொள்கிறார்கள். இப்போது பெரும்பாலும் 1991 முதல் 2020 வரை. அந்த ஆண்டுகளில் ஓரிடத்தில் குறிப்பிட்ட மூன்று மாதங்களில் பெய்த மழையை ஏறுவரிசையில் அடுக்கினால், அடியில் உள்ள பத்து ஆண்டுகள் ‘குறைவு’, நடுவில் உள்ள பத்து ‘இயல்பு’, உச்சியில் உள்ள பத்து ‘கூடுதல்’. எதுவும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த 33-ஐ எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்தலாம் என்பதே முன்னறிவிப்பின் வேலை. மழை விஷயத்தில் பெரும்பாலும் 40, 45 என்று நகரும், எப்போதாவது 50-ஐத் தொடும் அல்லது தாண்டும். நகர்த்தவே வழியில்லாத மாதங்களும் இடங்களும் ஏராளம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ‘கூடுதல்’ என்றால் வெள்ளம் என்று பொருளில்லை, ‘குறைவு’ என்றால் வறட்சி என்றும் பொருளில்லை. முப்பதில் பத்து ஆண்டுகள் அப்படித்தான் இருந்தன, அவ்வளவே.

சதவீதம் போடும் முறையும் எளிது. ஐரோப்பிய நடுத்தரக் கால முன்னறிவிப்பு மையம் மாதந்தோறும் தன் கணினி மாதிரியை (காற்றும் கடலும் எப்படி மாறும் என்று கணக்கிடும் நிரலை)த் தொடக்க நிலையில் மிகச் சிறு மாற்றங்களுடன் 51 முறை ஓட்டி, அடுத்த ஏழு மாதங்களைப் பார்க்கிறது. 51-இல் எத்தனை ஓட்டங்கள் மழை மிகுதியாக முடிந்தன, எத்தனை குறைவாக முடிந்தன என்று எண்ணுவதே அடிப்படை. ஒரே கணினி மாதிரி, ஒரே கடல், ஒரே காற்று; இருந்தும் 51 ஓட்டமும் 51 வழியில் போகும்.

ஏன் அப்படி என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர், கணினியில் ஏற்கெனவே ஓட்டிய கணக்கொன்றை நடுவிலிருந்து மறுபடி ஓட்டினார். கணினிக்குள் இருந்த எண் 0.506127. அச்சிட்ட தாளில் இருந்ததைப் பார்த்து அவர் கொடுத்தது 0.506. இரண்டு ஓட்டங்களும் சிறிது தூரம் கைகோத்துப் போய், பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வானிலையைக் காட்டின. 1963-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு, நாள்வாரியாக வானிலையைச் சொல்வதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம்தான் எல்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது. நாற்று விட்டு, நட்டு, பூக்க வைக்கத் தக்காளிக்குப் பத்து வாரம் ஆகும். விதைக்கிற அன்று, பூக்கிற வாரத்து வானிலையைச் சொல்ல யாராலும் முடியாது.

அப்படியானால் மூன்று மாதத்துக்கு எதை வைத்துப் பேசுகிறார்கள்? கடலை வைத்து. காற்று நாளுக்கு நாள் மாறும். கடலின் சூடு மெல்லத்தான் மாறும். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியில், நிலநடுக்கோட்டை ஒட்டி, மேற்பரப்பு வெப்பம் இயல்பைவிட அரை டிகிரி செல்சியஸ் கூடி மாதக்கணக்கில் நின்றுவிட்டால் எல் நினோ என்கிறார்கள். அரை டிகிரி குறைந்து நின்றால் லா நினா. அதன் மறுபாதி காற்றழுத்தத்தில் இருக்கிறது: பசிபிக்கின் கிழக்கே அழுத்தம் கூடினால் மேற்கே குறையும். அந்த ஊசலாட்டத்தை விரிவாக ஆராய்ந்து காட்டியவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடியவருக்கு உலகத்தின் பாதி வானிலை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரிந்தது. கடலையும் காற்றையும் 1969-இல் இணைத்துக் காட்டியவர் யாக்கோப் பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர். 1986-இல் மார்க் கேன், ஸ்டீபன் செபியாக் என்ற ஆய்வாளர்கள் எல் நினோவையே கணினி மாதிரியால் முன்கூட்டிச் சொன்னார்கள்.

பசிபிக்கைச் சொல்வது வேறு, உங்கள் பாத்தியைச் சொல்வது வேறு. 1997-இல் வந்தது அதுவரை பதிவானவற்றிலேயே மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று. எல் நினோ ஆண்டில் இந்தியாவில் பருவமழை பொய்க்கும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. அந்த ஆண்டு மழை இயல்பைச் சற்றே தாண்டியது. 2015-16 எல் நினோவும் அதே அளவு வலுவானது. தெற்குக் கலிபோர்னியா நனையும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், லாஸ் ஏஞ்சலஸ் இயல்பைவிடக் காய்ந்தே கிடந்தது. போதாக்குறைக்கு, மார்ச் முதல் மே வரையிலான மாதங்களைத் தாண்டிப் பசிபிக்கைப் பார்ப்பதில் மாதிரிகள் தடுமாறுவது நெடுங்காலப் பிரச்சினை. அறிக்கை எந்த மாதத்தில் வெளியானது என்று பார்ப்பதும் வாசிப்பில் அடக்கம்.

வெப்பநிலை விஷயத்தில் நிலைமை மேல். வெப்பம் பரந்த பரப்பில் ஒன்றுபோல மாறும். மழை அப்படி இல்லை, தெருவின் ஒரு முனையில் கொட்டி மறுமுனையில் தூறும். பூமியே சூடாகி வருவதால் 1991-2020 என்ற அளவுகோலும் இன்றைக்கு ஒரு படி பின்தங்கியதுதான். ‘இயல்பைவிட வெப்பம் கூடுதல்’ என்று வரும் அறிவிப்பை நான் ஓரளவு நம்பிக் காரியம் செய்வேன். மழை அறிவிப்பை அப்படிச் செய்வதில்லை.

இப்போது மிளகாய்ப் பாத்திக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் கதையில் நான் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. அந்தப் பருவம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது மொத்த மழை குறைவாகவே இருந்தது. அறிவிப்பு பலித்துவிட்டது, தோட்டம் மூழ்கிவிட்டது. பேய்ந்தும் கெடுத்தது, காய்ந்தும் கெடுத்தது என்பார்களே, இரண்டும் ஒரே பருவத்துக்குள் நடந்தன. பருவ முன்னறிவிப்பு மொத்தத்தைச் சொல்கிறது. செடி மொத்தத்தைக் குடிப்பதில்லை, அன்றன்றைக்கு உள்ளதைத்தான் குடிக்கிறது. தொண்ணூறு நாளில் 300 மில்லிமீட்டர் என்பது நாலு நாளுக்கு ஒரு முறை மெல்லிய மழையாகவும் வரலாம், ஆறு பேய்மழையாகவும் வரலாம். இரண்டுக்கும் அறிக்கையில் ஒரே எண்தான்.

மண்ணின் கொள்ளளவைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மணலும் களியும் அளவாகக் கலந்த நல்ல தோட்ட மண், செடி உறிஞ்சக்கூடிய தண்ணீராக ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 150 மில்லிமீட்டரைப் பிடித்து வைக்கும். வேர் 30 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது என்றால் அதன் பங்கு 45 மில்லிமீட்டர். அதில் பாதி தீர்ந்ததுமே பெரும்பாலான காய்கறிச் செடிகள் சோர்வு காட்டத் தொடங்கும். வெயில் காலத்தில் செடியும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் செலவழிக்கும். ஆக நாலு நாள், மிஞ்சினால் ஐந்து நாள். மணற்பாங்கான மண்ணில் இதிலும் பாதி. மழை மிகுந்த பருவம் என்று அறிவித்த ஆண்டிலும் பத்து நாள் இடைவெளி விழுவது சாதாரணம். அந்தப் பத்து நாளைப் பற்றி அறிவிப்பு எதுவும் சொல்லவில்லை. மறுபக்கம், ஒரே மாலையில் 60 மில்லிமீட்டர் கொட்டினால், எலும்பாகக் காய்ந்த பாத்திகூட வேருக்கு எட்டும் ஆழத்தில் செடிக்கென்று 45-க்கு மேல் பிடித்து வைக்காது. மிச்சம் வேருக்குக் கீழே இறங்கும், ஓடும், அல்லது தேங்கும்.

இதே கணக்கைத் திருப்பினால் வழியும் தெரிகிறது. மண்ணை இளக்கி வேரை 60 சென்டிமீட்டர் வரை இறங்கவிட்டால் நாலு நாள் எட்டு, ஒன்பது நாளாகும். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல் மூடாக்குப் போட்டால் மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் பங்கு குறைந்து இன்னும் ஓரிரு நாள் கூடும். 20 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக 800 தேறும் என்று வைத்தாலும், 10 சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் வீதம் பதினாறு நாள் ஓடும். மூன்று மாத அறிக்கை எதுவும் தோட்டத்துக்குப் பதினாறு நாள் தராது.

எல்லாவற்றையும் எல்லா ஆண்டும் செய்ய யாருக்கும் நேரமில்லை என்பதால்தான் முன்னறிவிப்பைப் பார்க்கிறோம். வானிலை ஆய்வில் இதற்கொரு பழைய கணக்கு உண்டு: ‘செலவு-இழப்பு விகிதம்’. பெயர்தான் பயமுறுத்தும், கணக்கு எளிது. பாதுகாப்புக்கு ஆகும் செலவை, பாதுகாக்காவிட்டால் வரும் இழப்பால் வகுக்க வேண்டும். சேதம் வரும் வாய்ப்பு அந்த விகிதத்தைவிட மிகுந்தால் பாதுகாப்பது லாபம், குறைந்தால் விட்டுவிடுவது லாபம்.

பாத்தியை 20 சென்டிமீட்டர் உயர்த்த எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. மேட்டுப்பாத்தி சீக்கிரம் காயும், கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும்; அதற்கு இரண்டு மணி நேரம் சேர்த்து ஐந்து என்று வைப்போம். செடிகள் அழுகினால் நாற்று வளர்த்தது, நட்டது, களை பறித்தது எல்லாம் சேர்த்து முப்பது மணி நேர உழைப்பு போகும். ஐந்தை முப்பதால் வகுத்தால் ஏறக்குறைய 17 சதவீதம். என் குறிப்பேட்டின்படி பத்துப் பருவத்தில் மூன்று முறை தண்ணீர் தேங்கியிருக்கிறது, அதாவது 30 சதவீதம். மழை குறையும் என்ற அறிவிப்பு வந்தால் இந்த 30 ஒருவேளை 20 ஆகும். இருபதும் பதினேழைவிடப் பெரிதுதான். அறிவிப்பு எப்படி வந்தாலும் நான் பாத்தியை உயர்த்தியிருக்க வேண்டும். அதைப் பார்த்துக் குழி வெட்டியதுதான் முட்டாள்தனம்.

எதிர்முனையும் உண்டு. தோட்டம் முழுவதுக்கும் சட்டம் அடித்து நெகிழித் தாளால் கூரை போட இருபத்தைந்து மணி நேரம் ஆகிறது என்றால் விகிதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். மூன்று மாத மழை அறிவிப்பு 80-ஐத் தொடுவது மிக அரிது. அறிவிப்பைத் திறந்து பார்க்காமலே கூரையைக் கைவிடலாம்.

நான் சொல்ல வருவது இதுதான். மலிவான காப்புகளை அறிவிப்பு எதுவானாலும் செய்ய வேண்டும், விலை மிகுந்தவற்றை எதுவானாலும் விட வேண்டும். விகிதம் 20-க்கும் 50-க்கும் நடுவே விழுகிற சில முடிவுகளில் மட்டும்தான் பருவ அறிவிப்புக்கு வேலை இருக்கிறது. வடிகால், மூடாக்கு, மட்கு உரம், ஆழமாக இளக்கிய மண், சேமித்த தண்ணீர் ஆகியவை முதல் வகை. மூன்றாம் வகை எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும், ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்: எந்த ரகத்துக்கு எவ்வளவு இடம், விதைப்பை எத்தனை நாள் முன்பின் தள்ளுவது, பள்ளமான மூலையில் எதை வைப்பது, தண்ணீர் மிகுதியாகக் குடிக்கும் பயிரை எத்தனை குழி போடுவது.

தக்காளியை எடுத்துக்கொள்ளலாம். பகல் வெப்பம் 32 டிகிரிக்கு மேலும் இரவு வெப்பம் 24-க்கு மேலும் நீடித்தால் மகரந்தம் வலுவிழந்து காய் பிடிப்பது குறையும். காம்பின் நடுவே உள்ள கணுவில் பூ மஞ்சளாகி, இலேசாகத் தட்டினாலே உதிரும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மகரந்தம் கெடுவது பூ விரிவதற்கு ஒன்று, இரண்டு வாரம் முன்பே, மொட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. இன்று பூ உதிர்கிறதே என்று இன்று நிழல்வலை கட்டுவது, போன வாரத்துக்குக் குடை பிடிப்பது. பெரிய காய் ரகங்கள் வெப்பத்தில் சீக்கிரம் கைவிரிக்கும், கொத்துக் கொத்தாகக் காய்க்கும் சிறு ரகங்கள் பெரும்பாலும் தாங்கும். சாதாரண ஆண்டில் இரண்டுக்கும் பாதிப் பாதி இடம் கொடுப்பேன். வெப்பம் இயல்பைவிடக் கூடுதல் என்பதற்கு 55, 60 சதவீதம் என்று அறிக்கை வந்தால் பத்துக் குழியில் ஏழு சிறு ரகத்துக்குப் போகும். பத்தும் போகாது. மீதி வாய்ப்பான நாற்பதுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.

இன்னும் பலன் தருவது, நாற்றை ஒரே நாளில் விடாமல் மூன்று வாரம் இடைவிட்டு இரண்டு தவணையாக விடுவது. எந்த வாரம் அனல் அடிக்கும் என்று தெரியாது. ஆனால் எந்த வாரம் அடித்தாலும் மொட்டுப் பருவத்தில் சிக்குவது தோட்டத்தின் பாதிதான். கீரை, முள்ளங்கி, பீன்ஸ் போன்றவற்றுக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தவணை என்று வைத்துக்கொள்ளலாம். விதையும் கொஞ்சம்தான், இழப்பும் கொஞ்சம்தான்.

ஈரம் மிகும் என்று தோன்றினால் தக்காளிச் செடிகளுக்கு இடையே 45 சென்டிமீட்டருக்குப் பதில் 60 விடுவது நல்லது. இலைகள் சீக்கிரம் உலரும், கருகல் நோய் பரவுவது மெதுவாகும். வறண்ட வெப்பத்துக்கு எதிரி வேறு: இலையின் அடியில் சிலந்திப் பூச்சி மெல்லிய நூலாம்படை கட்டும். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

நாற்று மண்ணுக்குப் போன பிறகு மூன்று மாத அறிக்கையை மூடி வைத்துவிடலாம். இனி ஐந்து நாள் அறிவிப்பு பேசும், அது நன்றாகவே பேசும். கடந்த நாற்பது ஆண்டுகளில் பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற வேகத்தில் குறுகியகால முன்னறிவிப்பின் திறன் கூடியிருக்கிறது. ‘நாளை மழைக்கு 40 சதவீத வாய்ப்பு’ என்றால் நாளின் 40 சதவீத நேரம் பெய்யும் என்றோ ஊரின் 40 சதவீதத்தில் பெய்யும் என்றோ பொருளில்லை. இப்படிப்பட்ட பத்து நாட்களில் நாலு நாள் உங்கள் இடத்தில் மழை விழும் என்று பொருள். அதே வகுத்தல் இங்கும் உதவும். நேற்று நட்ட நாற்றுக்கு ஒரு குவளைத் தண்ணீர் அற்பச் செலவு, ஊற்றிவிட வேண்டும். வேர் இறங்கிய பூசணிக்கு ஒரு நாள் பொறுத்தால் ஒன்றும் ஆகாது. தழைச்சத்து உரம் வைக்க இருந்தால் கனமழை அறிவிப்பு தாண்டும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் உரம் வேருக்குக் கீழே போய்விடும்.

பெய்தது எவ்வளவு என்பதை மட்டும் தொலைபேசியைக் கேட்கக் கூடாது. நேர்ச்சுவர் கொண்ட தகர டப்பா ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, காலையில் அளவுகோலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்து மில்லிமீட்டர் நின்றால் சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர் விழுந்திருக்கிறது. என் டப்பாவில் 3 மில்லிமீட்டர் இருந்த காலையில் தொலைபேசி 14 காட்டியது உண்டு. சந்தேகம் தீராவிட்டால் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டு, அங்கிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கினால் போதும். உருண்டை பிடித்துப் பெருவிரலால் அழுத்தியதும் உதிர்ந்தால் ஈரம் சரியாக இருக்கிறது. உருண்டையே பிடிக்காவிட்டால் அன்று தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

குறிப்பேட்டில் முன்னறிவிப்பு பலித்ததா என்று மதிப்பெண் போடும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். 50 சதவீதம் என்ற சொல்லைச் சோதிக்க அதே சொல் பத்து, இருபது முறை வர வேண்டும். ஒருவரின் தோட்ட வாழ்நாளே அதில் போய்விடும். அதற்குப் பதில் தண்ணீர் எந்த மூலையில் எத்தனை நாள் தேங்கியது, மழை விட்ட மிக நீண்ட இடைவெளி எத்தனை நாள், பூ உதிரத் தொடங்கிய தேதி எது என்று எழுதுகிறேன். வகுத்தல் கணக்குக்கு வேண்டிய எண்கள் இவைதான். வேறு யாராலும் இவற்றைத் தர முடியாது.

விதையில் கால் பங்கை எடுத்து வைப்பதும் அந்த மிளகாய் ஆண்டுக்குப் பிறகு வந்த பழக்கம். பருவம் பாதி கடந்ததும், மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் அறிக்கையின் புதிய பதிப்பைப் பார்த்துவிட்டு, மீதி நாட்களை எண்ணுவேன். அறுபது நாள் இருந்தால் பீன்ஸ் ஒரு முறை காய்க்கும். முப்பது நாள்தான் இருக்கிறது என்றால் முள்ளங்கி. அந்த ஆண்டு மிளகாய் அழுகிய குழிகளை மூடி மேடாக்கியபோது முப்பத்தெட்டு நாள் மிச்சம் இருந்தது. விதை டப்பாவின் அடியில் ஒரு பொட்டலம் முள்ளங்கி விதை கிடந்தது.